ஏகேபிகே-ல கட்டிட்டு இருக்கேன், பழைய வீரா காடி (கார்) கைவிடுது. மாத்த வழி இருக்கா?

காப்பார்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், முழுசா சொன்னாதான் யோசனை சொல்ல வசதியா இருக்கும்.

2020-ல கோவிட் வந்தப்ப எனக்கு ஓடி (ஓவர்டைம்) நின்னுச்சு, வீட்டுக்காரிக்கு வேலையே போச்சு. கிரெடிட் கார்டு ரெண்டு, பெர்சனல் லோன் ஒண்ணு. சம்பளம் வந்த அன்னிக்கே காலியாகிற நிலைமை. கடைசில ஏகேபிகே-ல (நம்ம மலேசியாவோட கடன் ஆலோசனை அமைப்பு) போய் உட்கார்ந்து கடன் மேலாண்மைத் திட்டத்துல சேர்ந்தேன். இப்ப மாசம் 940 வெள்ளி (ரிங்கிட்) கட்டுறேன். ஒரு மாசம்கூடத் தவறல. இன்னும் ரெண்டரை வருஷம் பாக்கி இருக்கு.

இப்ப தலைவலி காடிதான். 2003 புரோட்டோன் வீரா 1.5 ஆட்டோ. பேங்குக் கடன் எப்பவோ முடிஞ்சுது, என் பேர்லயே இருக்கு. காப்பார்லருந்து கிளம்பி கிள்ளான் டவுன் சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு மெதுவா ஏற ஆரம்பிக்கும். ஹீட்டர் பக்கம் திருப்பிவிட்டா இறங்கும். அதனால ஜன்னல எல்லாம் இறக்கிட்டு, அந்த அனல் காத்து முகத்துல அடிக்க அடிக்க ஓட்டுறேன். பக்கத்துல அம்மா உட்கார்ந்து வர்றாங்க. அம்மாவுக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ், காலைல முதல் ஷிப்ட். முடிச்சு வெளிய வர்றப்ப தலை சுத்தி, தோள்ல சாய்ஞ்சுதான் நடப்பாங்க. அந்த நிலைமைல அவங்கள இந்த அனல்ல உட்கார வைக்கிறது எனக்குத் தாங்க முடியல.

ஒர்க்‌ஷாப்புல காட்டினேன். ஹெட் கேஸ்கெட், ரேடியேட்டர், அதோட கியர்பாக்ஸும் வழுக்குதாம். மொத்தம் 3,800 வெள்ளி சொல்றாங்க. காடியே அந்த விலைக்குப் போகாது.

கைல இருக்கிறது 2,500. ஈபிஎஃப் (சேமநிதி) ஃப்ளெக்ஸிபல் கணக்குல 3,200 கிட்ட. என் சம்பளம் ஓடியோட கைக்கு 3,400, வீட்டுக்காரிக்கு இப்ப 1,700. வீட்டு வாடகை 800. பையன் ஃபோர்ம் 4.

ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ரிப்பேர் பண்ணு, வீட்டுக்காரி பேர்ல லோன் போடு, மச்சான் பேர்ல எடு, சம்பூங் பாயார் காடி (வேற ஆள் பேர்ல இருக்கிற லோன நாம தொடர்ந்து கட்டுறது) எடு, கிரெடிட் கம்பெனிக்குப் போ. எது சரி? திட்டத்துல இருக்கிறப்ப எதெல்லாம் செய்யலாம், எதெல்லாம் கூடாது?

ஈப்போ பையன்

அண்ணே, சம்பூங் பாயார்தான் ஈசி. ஃபேஸ்புக்ல தினம் நூறு விளம்பரம் வருது. 3,000 டெபாசிட் கொடுத்தா 2018 மைவி கைக்கு வந்துடும். மாசா மாசம் அவங்க லோன நீங்க கட்டப்போறீங்க, அவ்ளோதான். பேங்கு உங்க பேர பாக்கவே பாக்காது, ஏகேபிகே-வுக்கும் தெரியாது. என் கூட்டாளி ஒருத்தன் ரெண்டு வருஷமா ஓட்டிட்டு இருக்கான், ஒரு பிரச்சனையும் இல்ல.

பேங்கு கிராணி

தம்பி ஈப்போ, நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா இத யாரும் செய்யாதீங்க. ஹயர் பர்ச்சேஸ் பகுதியில பல வருஷம் உட்கார்ந்தவன் நான். விவரமா சொல்றேன்.

ஹயர் பர்ச்சேஸ்ல எடுத்த காடிக்கு லோன் முடியிற வரைக்கும் சொந்தக்காரர் பேங்கு. ஓட்டுறவருக்கு இருக்கிறது பயன்படுத்துற உரிமை மட்டும். பேங்கு சம்மதம் இல்லாம அத வேற ஆள் கைல ஒப்படைச்சா 1967 ஹயர் பர்ச்சேஸ் சட்டப்படி குற்றம். சரி, சட்டத்த விடுங்க, நடைமுறைய பாருங்க. நீங்க மாசா மாசம் அந்த ஆள் கைல காசு கொடுக்கிறீங்க, அவர் பேங்குல கட்டினாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது. தொடர்ந்து ரெண்டு தவணை விட்டா பேங்கு நோட்டீஸ் அனுப்பும், 21 நாள் கெடு. அந்த நோட்டீஸ் போறது அவர் வீட்டுக்கு, உங்க வீட்டுக்கு இல்ல. ஒரு நாள் காலைல டயாலிசிஸ் சென்டர் வாசல்ல காடிய இழுத்துட்டுப் போவாங்க. முக்கால்வாசி கட்டின காடின்னா கோர்ட்டு ஆர்டர் இல்லாம இழுக்க முடியாதுன்னு சட்டத்துல இருக்கு. ஆனா விளம்பரத்துல வர்ற காடிங்க பெரும்பாலும் அந்த அளவு கட்டின காடிங்க இல்ல.

இன்சூரன்ஸும் அவர் பேர்ல. விபத்து நடந்தா கிளைம் விஷயத்துல நீங்க அன்னியர். கட்டின பணத்துக்கு உங்க கைல ஒரு துண்டுச் சீட்டு இருக்கலாம், அதுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

இனி காப்பார் அண்ணனுக்கு. ஏகேபிகே-ல சேர்றப்ப நீங்க கையெழுத்துப் போட்ட பாரத்த எடுத்து மறுபடி படிங்க. திட்டம் முடியிற வரைக்கும் புதுக் கடன் எடுக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டுதான் சேர்ந்திருப்பீங்க. ஜாமீன் கையெழுத்தும் போடக்கூடாது. சிசிரிஸ் (பேங்குங்க பாக்கிற கடன் வரலாறு) ரிப்போர்ட்ல உங்க பேருக்கு நேரா ஏகேபிகே குறிப்பு நிக்கும், எந்த பேங்கும் அத பாத்துட்டுதான் அடுத்த வரிக்குப் போவாங்க. அதனால உங்க பேர்ல பேங்கு லோன்ங்கிற கதவு இப்ப மூடியிருக்கு. ஆனா சொந்தக் காசுல காடி வாங்கறத யாரும் தடுக்கல. இருக்கிற காடிய ரிப்பேர் பண்றதையும் தடுக்கல. எது செஞ்சாலும் முதல்ல கவுன்சிலர்கிட்ட சொல்லிட்டு செய்யுங்க.

ஸ்பானர் அண்ணன்

நான் வெறும் இரும்பு பேசுறவன், கடன் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா அந்த 3,800 கணக்கு எனக்கு இடிக்குது.

தம்பி, சில கேள்வி. காலைல இஞ்சின் ஆறி இருக்கிறப்ப ரேடியேட்டர் மூடிய கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. (சூடா இருக்கிறப்ப திறக்கவே கூடாது, முகம் வெந்துடும்.) தண்ணில விடாம குமிழி குமிழியா வருதா? ஆயில் மூடிக்கு அடில பால் கலந்த காப்பி மாதிரி படிஞ்சிருக்கா? புகை வெள்ளையா வந்து இனிப்பா வாடை அடிக்குதா? இதெல்லாம் இல்லன்னா கேஸ்கெட் போச்சுன்னு உடனே சொல்லிட முடியாது.

நிக்கிறப்ப மட்டும் சூடு ஏறி, ஹைவேல போறப்ப இறங்குதுன்னா முதல்ல ஃபேன பாக்கணும். ஃபேன் மோட்டார் சுத்தும், ஆனா வேகம் இருக்காது. ரிலே, ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் உள்ள துரு அடைப்பு, இதெல்லாம் சின்னச் செலவு. வீராவுக்கு இருக்கிறது 4ஜி15 இஞ்சின், சாமான் தட்டுப்பாடே கிடையாது, பொத்தோங் கடைல (பழைய காடிங்கள உடைச்சு சாமான் விக்கிற கடை) அள்ளலாம். குழாய்த் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, கூலன்ட் ஊத்துங்க. வெறும் தண்ணி ஊத்தி ஊத்திதான் பாதி வீராவோட ரேடியேட்டர் அழுகிப் போகுது.

கியர்பாக்ஸ் வேற விஷயம். ஏடிஎஃப் ஆயில் (கியர் ஆயில்) எப்ப மாத்தினீங்க? ஸ்டிக் இழுத்துப் பாருங்க, கறுத்து கருகின வாடை வந்தா அதுல பெரிய காசு கொட்டாதீங்க. மெதுவா ஓட்டி நாளக் கடத்துங்க.

தாமான் ஸ்ரீ மூடா அக்கா

தம்பி, நான் அந்தத் திட்டத்த முழுசா கட்டி முடிச்சு வெளிய வந்தவ. அதனால உரிமையோட பேசுறேன்.

முதல் விஷயம், 940-ல கை வைக்காதீங்க. காடி ரிப்பேர் இருக்கேன்னு ஒரு மாசம் விட்டுட்டு அடுத்த மாசம் சேத்துக் கட்டலாம்னு தோணும். விட்டுக்கிட்டே போனா திட்டம் ரத்தாகிடும், பேங்குங்க குறைச்சுக் கொடுத்த வட்டி பழையபடி ஏறும், வக்கீல் கடிதம் வர ஆரம்பிக்கும். இத்தன வருஷம் கட்டினது வீணாகாது, ஆனா அந்தப் பாதுகாப்பு போயிடும். அதுக்கு அப்புறம் ஒவ்வொரு பேங்கோடயும் தனித்தனியா நீங்க நின்னு பேசணும்.

ரெண்டாவது, கவுன்சிலர்கிட்ட போறப்ப வெறும் கையோட போகாதீங்க. சேர்ந்தப்ப எழுதின மாசச் செலவுக் கணக்கு இருக்கில்ல? அதுல காடிக்கு எவ்ளோ எழுதினீங்கன்னு பாருங்க. நாங்க எல்லாரும் பெட்ரோல், டோல் மட்டும் எழுதுறோம். ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், டயர், ரிப்பேர் இதுக்கெல்லாம் வரியே இருக்காது. அம்மாவோட டயாலிசிஸ் நீங்க சேர்ந்ததுக்கு அப்புறம் வந்ததா? அப்படின்னா குடும்ப நிலைமையே மாறிடுச்சு. சென்டர் கடிதம், சம்பளச் சீட்டு, ஒர்க்‌ஷாப் கோட்டேஷன் எல்லாம் எடுத்துட்டுப் போய் கணக்க மறுபடி பாக்கச் சொல்லுங்க. அங்க சேவை இலவசம். பேங்க் நெகாரா (மத்திய வங்கி) 2006-ல ஆரம்பிச்சதே நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தான். தயங்க ஒண்ணுமே இல்ல.

மூணாவது, இது கண்டிப்பா கேளுங்க. 2,500-யும் ஈபிஎஃப் காசையும் மொத்தமா துடைச்சு காடில போடாதீங்க. கைல ஒண்ணுமே இல்லாம நின்னா அடுத்த அவசரத்துக்கு ஆலோங்கிட்டதான் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) போய் நிக்கணும். எங்க தாமான்லயே அவனுங்க சிவப்புச் சாயம் ஊத்தின கேட்டுங்கள பாத்திருக்கேன்.

ஷா ஆலம் மோட்டோ

காடியே எதுக்கு அண்ணே? கணக்குப் போட்டுப் பாருங்க. வாரம் மூணு தடவைன்னா மாசத்துக்கு 13 தடவ. கிராப் வாடகைக் காடிக்கு போக வர 28 வெள்ளின்னு வச்சாலும் 364. நீங்க வேலைக்கு மோட்டோல போயிடலாம். பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) 2,000 வெள்ளிக்குக் கிடைக்குது, ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சல்லிக் காசு. பெட்ரோல் புடி95 மானியத்துல லிட்டர் 1.99, மோட்டோவுக்கு மாசம் 40 வெள்ளிக்கு மேல போகாது. காடி வச்சிருந்தா இன்சூரன்ஸ், டயர், டோல், பார்க்கிங், ரிப்பேர் எல்லாம் சேத்தா 364-ஐ தாண்டாதா?

பொதுப் போக்குவரத்துன்னா ரேபிட் கேஎல் மை50 பாஸ் மாசம் 50 வெள்ளிதான், ஆனா காப்பார் பக்கம் விடியக்காலைல பஸ் வசதி சொல்லிக்கிற மாதிரி இல்ல, அதனால அத நான் சொல்லல.

காப்பார்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

ஸ்பானர் அண்ணே, காலைல மூடி திறந்து பாத்தேன். குமிழி வரல, லேசா தண்ணி ஏறி இறங்குது. ஆயில் மூடி சுத்தமாதான் இருக்கு. ஆனா ரேடியேட்டர் உள்ள பாத்தா செங்கல் பொடி கரைச்ச மாதிரி தண்ணி. ஃபேன் சுத்துது, வேகம் எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியல. ஹைவேல போறப்ப முள்ளு நடுவுலயே நிக்கும், நீங்க சொன்ன மாதிரிதான்.

மோட்டோ தம்பி, உங்க கணக்கு நல்லாருக்கு. வேலைக்கு மோட்டோல போகலாம்னு நானும் யோசிச்சேன். வெஸ்ட்போர்ட் ரோட்டுல கொள்கலன் லோரிங்க நடுவுல, நைட் ஷிப்ட் முடிச்சு தூக்கக் கலக்கத்துல மோட்டோ ஓட்டறதுக்கு வீட்டுக்காரி சம்மதிக்கவே மாட்டா. எங்க பிரிவுல ஒருத்தர அந்த ரோட்டுல இழந்துருக்கோம். ஆனா அம்மாவுக்கு கிராப்புங்கிறது நான் யோசிக்காதது. எனக்கு காலை ஷிப்ட் இருக்கிற வாரத்துல அது உதவும்.

அக்கா, டயாலிசிஸ் போன வருஷம்தான் ஆரம்பிச்சது. கணக்குல அது இல்லவே இல்ல. அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி. வீட்டுக்காரி ஏகேபிகே-ல இல்ல, அவ பேரு சுத்தமா இருக்கு. அவ பேர்ல ஒரு 20,000 வெள்ளி காடி எடுத்தா? மச்சானும் நான் எடுத்துத் தர்றேன்னு சொல்றார்.

கிள்ளான் மச்சான்

வீட்டுக்காரி பேர்ல எடுக்கிறதுல என்ன தப்பு? அவங்க தனி ஆள், தனிச் சம்பளம். ஏகேபிகே உங்கள மட்டும்தான் கட்டுப்படுத்தும். அம்மா உயிர் விஷயம் இது. விதிமுறை பாத்துட்டு உட்கார்ந்திருந்தா அந்தக் காடி நடு ரோட்டுல நின்னு, அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நல்ல காடி எடுங்க, 5 வருஷம் நிம்மதியா ஓட்டுங்க. எல்லாத்தையும் பயந்து பயந்து செஞ்சா வாழ்க்கை எப்படி நடக்கும்?

பேங்கு கிராணி

கிள்ளான் மச்சான் சொல்ற அக்கறை நியாயம். சட்டப்படி அவங்க வீட்டுக்காரி லோன் கேக்கலாம், தடை இல்ல. நான் கணக்க மட்டும் வைக்கிறேன், முடிவு அவங்களோடது.

20,000 லோன். பழைய காடிக்கு ஃபிளாட் 5%, 7 வருஷம்னு வைங்க. வட்டி வருஷத்துக்கு 1,000, மொத்தம் 7,000. ஆக 27,000, மாசம் 321 வெள்ளி. ஃபிளாட் 5-ன்னு காதுக்கு இனிமையா இருக்கும். ஆனா முதல் குறையக் குறைய வட்டி குறையாதே, அதனால உண்மையில நீங்க கொடுக்கிறது கிட்டத்தட்ட 9%. லோன் காடின்னா பேங்கு முழு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லும், மூணாம் தரப்பு இன்சூரன்ஸோட நிறுத்த முடியாது. அதையும் சேத்தா மாசம் 400-ஐ தொட்டுடும், பெட்ரோலுக்கு முன்னாடியே.

அவங்க சம்பளம் 1,700. அதுல 400 போனா மிச்சம் 1,300. அந்த 1,700 இப்ப எங்க போகுது? வாடகைக்கும் மளிகைக்கும் பையன் படிப்புக்கும். அந்த இடத்துல விழற ஓட்டைய உங்க 3,400-தான் அடைக்கணும், அதுலருந்துதான் 940-உம் போகணும். பேர் ரெண்டா இருந்தாலும் சட்டி ஒண்ணுதான். ஓடி ஒரு மாசம் குறைஞ்சா எத விடுவீங்க? காடித் தவணையையா, ஏகேபிகே-யையா? காடிய விட்டா வீட்டுக்காரி பேரு கெடும், ஏகேபிகே-ய விட்டா உங்க திட்டம் உடையும்.

உங்க மச்சான் பேர்ல எடுக்கிறதும் இதே கதைதான், கூடவே உறவும் மாட்டிக்கும். நீங்க ஒரு தவணை தவறினா அடி விழறது அவர் சிசிரிஸ்ல. நாளைக்கு அவர் வீடு வாங்கப் போறப்ப பேங்கு இந்த 20,000-ஐயும் அவர் கணக்குல சேத்துதான் பாக்கும். உங்க தங்கச்சி குடும்பத்தோட வீட்டுக் கனவ உங்க காடிக்கு அடமானம் வைக்கிற மாதிரி ஆகிடும்.

கிரெடிட் கம்பெனி பத்தியும் சொல்லிடுறேன். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்கு 1951 சட்டப்படி ஜாமீன் இல்லாத கடனுக்கு வருஷம் 18% வரைதான் வாங்கலாம். அதுக்கு மேல கேட்டாலும், வெத்துப் பத்திரத்துல கையெழுத்துக் கேட்டாலும், ஏடிஎம் கார்ட வாங்கி வச்சாலும், “ஏகேபிகே இருந்தாலும் ஓகே, முதல்ல பிராசஸிங் ஃபீஸ் போடுங்க”ன்னாலும் அந்த இடத்த விட்டு வெளிய வந்துடுங்க.

பந்திங் டீச்சர்

டெகூன்ல (அரசாங்கக் கடன் நிறுவனம்) நம்ம இந்திய ஆளுங்களுக்கு ஸ்பூமி கடன் இருக்கே, அதுல வாங்கிக் காடி எடுக்கலாமா? இல்லன்னா கூட்டு (சீட்டு) போடலாமே, எங்க பள்ளிக்கூடத்துல அக்காங்க எல்லாம் சேர்ந்து மாசம் 300 போடுறாங்க.

தாமான் ஸ்ரீ மூடா அக்கா

டீச்சர், ஸ்பூமி தொழில் செய்றவங்களுக்கு. கடை, பட்டறை, வியாபாரம்னு காட்டி வாங்குற கடன் அது. அம்மாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற காடிக்கு அத வாங்கினா வேற ஒரு தொழில் ஆளுக்குப் போக வேண்டியத எடுத்த மாதிரி. அதுவும் புதுக் கடன்தான், ஏகேபிகே-கிட்ட அதே கேள்விதான் வரும்.

கூட்டு 1971 சட்டப்படி நம்ம நாட்டுல தடை. எல்லாரும் போடுறாங்க, எனக்கும் தெரியும். ஆனா தலைவி ஓடிட்டா போலீஸ்ல போய் சொல்றதுக்கே வாய் வராது. முதல் மாசமே சீட்டு எடுத்தா அதுவும் கடன்தானே, பாக்கி மாசம் எல்லாம் கட்டணுமே? இந்தத் தம்பிக்கு அது வேண்டாம்.

காப்பார்க்காரன்

இது அவர் இல்ல, அவர் வீட்டுக்காரி எழுதுறேன். அவர் போன்ல எல்லாத்தையும் படிச்சேன். என் பேரப் பத்தி எல்லாரும் பேசுறதால நானே சொல்லிடலாம்னு வந்தேன்.

அத்தைய நான் என் அம்மா மாதிரிதான் பாக்குறேன். டயாலிசிஸ் முடிஞ்சு வர்றப்ப அவங்க கைய நான்தான் அழுத்திப் பிடிச்சிருப்பேன், ரத்தம் கசியாம. அதனால எனக்கு அக்கறை இல்லன்னு யாரும் நினைக்க வேண்டாம். ஆனா என் பேர்ல லோன் போட எனக்கு விருப்பம் இல்ல. அவர் பேரு இன்னும் ரெண்டரை வருஷத்துக்கு எங்கேயும் செல்லாது. இந்த வீட்டுல பேங்கு வாசல்ல போய் நிக்கக்கூடிய பேரு என்னோடது ஒண்ணுதான். அடுத்த வருஷம் பையனுக்கு எஸ்பிஎம் பரீட்சை. அதுக்கு அப்புறம் படிப்பு, ஹாஸ்டல். இப்ப வாடகைக்குக் குடியிருக்கிற வீட்ட அதோட சொந்தக்காரர் விக்கப் போறதா பேச்சு. நாளைக்கு உண்மையிலயே ஒரு முட்டுச் சந்துல நின்னா திறக்கிறதுக்கு ஒரு கதவு வேணும். அத ஒரு மைவிக்காக நான் இப்பவே திறக்க மாட்டேன்.

அவர் இதச் சொன்னா வீட்டுல சண்டை வரும்னு என்கிட்ட கேக்காம இங்க வந்து கேட்டிருக்கார். சண்டை எல்லாம் இல்ல. கேட்டிருந்தா இதையேதான் சொல்லியிருப்பேன்.

கிராப் எனக்குச் சம்மதம். எங்க தெருவுல கிராப் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார், மாசக் கணக்குல பேசிப் பாக்குறேன்.

கிள்ளான் மச்சான்

தங்கச்சி, நான் அந்தக் கோணத்துல யோசிக்கல. நீங்க சொல்றது சரி. அம்மாவுக்கு அவசரம்னா நான் கிள்ளான்லதான் இருக்கேன், வாரத்துல ஒரு நாள் காலைல நான் கூட்டிட்டுப் போறேன். தனி மெசேஜ் போடுங்க.

ஸ்பானர் அண்ணன்

காப்பார் தம்பி, ஞாயித்துக்கிழமை என் பட்டறைக்குக் கொண்டு வாங்க. கம்ப்ரஷன் டெஸ்ட் போட்டுப் பாக்கலாம், அதுக்குக் காசு வேண்டாம்.

காப்பார்க்காரன்

நேரமாகிடுச்சு, மன்னிக்கணும். நடந்தத சொல்றேன்.

ஸ்பானர் அண்ணன் பட்டறைல டெஸ்ட் போட்டோம். கேஸ்கெட் போகல. ஃபேன் மோட்டார் பாதி வேகத்துல சுத்துச்சு, ரேடியேட்டர் கால்வாசிக்கு மேல அடைச்சுக் கிடந்துச்சு. கழட்டி தலைகீழா கவுத்தப்ப துருச் சேறு கட்டி கட்டியா விழுந்துச்சு. புது ரேடியேட்டர், ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட், ஹோஸ் ரெண்டு, கூலன்ட், கியர் ஆயில் எல்லாம் சேத்து 980 வெள்ளி. கிள்ளான் சிக்னல்ல ஏர்கான் போட்டுட்டு நின்னேன், முள்ளு அசையல. அம்மா தூங்கிட்டாங்க.

கியர்பாக்ஸ் இன்னும் வழுக்குது. ரெண்டாவது கியர்லருந்து மூணு மாறப்ப ஒரு இழுப்பு. அண்ணன் அதுல கை வைக்க வேண்டாம்னு சொல்லிட்டார். ஓடுற வரைக்கும் ஓடட்டும்னார்.

கவுன்சிலர்கிட்டயும் போயிட்டு வந்தேன். சீனப் பெண்மணி, ரொம்பப் பொறுமையா கேட்டாங்க. லோன் எடுக்கிறதுக்கு இல்லன்னு தெளிவா சொல்லிட்டாங்க. சொந்தச் சேமிப்புல பழைய காடி வாங்கினா ஆட்சேபணை இல்ல, ஆனா அந்தச் சேமிப்பு எங்கருந்து வந்துச்சுன்னு கணக்குல தெரியணும்னாங்க. மாசச் செலவுக் கணக்க மறுபடி எழுதினோம். அம்மாவோட போக்குவரத்து, காடிப் பராமரிப்பு ரெண்டுக்கும் தனி வரி போட்டாங்க. தவணையக் குறைக்கணுமான்னு கேட்டாங்க. குறைச்சா காலம் நீளும். வீட்டுக்காரியும் நானும் பேசி 940-லயே இருக்கட்டும்னு சொல்லிட்டோம்.

இப்ப திட்டம் இதுதான். கிராப் அண்ணன் வாரம் ஒரு நாள், கிள்ளான் மச்சான் ஒரு நாள், பாக்கி ஒரு நாள் நான். கிராணி அண்ணன் சொன்ன அந்த 321 வெள்ளிய மாசா மாசம் வீட்டுக்காரி கணக்குல தனியா போடுறோம், லோன் எடுத்திருந்தா கட்டியிருப்போம்ல? ஈபிஎஃப் காச தொடல. ஒரு வருஷத்துல 3,800 சேரும், மிச்சம் இருக்கிறதோட சேத்தா ஒரு மேனுவல் கஞ்சிலோ, அதிர்ஷ்டம் இருந்தா பழைய விவாவோ ரொக்கமா பாக்கலாம்.

அதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் செத்துட்டா என்ன செய்றதுன்னுதான் பயம் இருக்கு.

ஸ்பானர் அண்ணன்

செத்தா பொத்தோங் கடைல ஒரு மேனுவல் கியர்பாக்ஸ் பாத்துக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. ஆட்டோவ மேனுவலா மாத்தினா கிளட்ச் பெடல்லருந்து மவுண்டிங் வரைக்கும் மாத்தணும், அதுக்குள்ள இறங்காதீங்க. அப்படி ஒரு நாள் வந்தா ஈபிஎஃப் காசுலருந்து கொஞ்சம் எடுத்து கஞ்சில் வாங்கறதுதான் புத்திசாலித்தனம். வாங்கறப்ப என்ன கூப்பிடுங்க. விவாவோ கஞ்சிலோ, முதல்ல அடிய பாக்கணும். கிள்ளான் பக்கம் வெள்ளத்துல மூழ்கின காடிங்க நிறைய சுத்துது. 2021 டிசம்பர் வெள்ளத்த யாரும் மறக்கல. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, நுனில சேத்துக் கறை இருந்தா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. கார்பெட்டத் தூக்கி மூக்க வச்சுப் பாருங்க.

பந்திங் டீச்சர்

எனக்கும் இது பயன்படும், என் பழைய கஞ்சிலையும் மாத்தணும். ரொக்கமா வாங்கினா பேப்பர் வேலை என்ன? பழைய காடியோட இன்சூரன்ஸ் தள்ளுபடி போயிடுமா?

பேங்கு கிராணி

டீச்சர், பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஜேபிஜே-ல (சாலைப் போக்குவரத்து இலாகா) அந்த காடி மேல பேங்கு உரிமைக் குறிப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா, விக்கிறவர் பேங்குல முழுசா கட்டி அத நீக்கின பிறகுதான் உங்க கை பைய விட்டு வெளிய வரணும். சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கான்னும் பாருங்க. அப்புறம் பேர் மாத்தத்துக்கான பி5 காடிப் பரிசோதனை, உங்க பேர்ல இன்சூரன்ஸ், பேர் மாத்தம். பேர் மாத்தி முடிக்காம வெறும் கெரான (காடிப் பதிவுப் பத்திரம்) மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க.

இன்சூரன்ஸ் தள்ளுபடி காடிக்கு இல்ல, உங்களுக்கு. கிளைம் பண்ணாம இருந்து 55% வரை ஏறியிருந்தா, உங்க பேர்லயே எடுக்கிற அடுத்த காடிக்கு அத மாத்திக்கலாம். காப்பார் அண்ணே, இது உங்களுக்கும் சேத்துதான்: அடுத்த காடிய வீட்டுக்காரி பேர்ல பதிஞ்சா உங்க தள்ளுபடி அதுக்குப் போகாது, உங்க பேர்லயே பதிஞ்சா போகும். விவா 1.0-ன்னா ரோட் டாக்ஸ் வருஷம் 20 வெள்ளி, வீராவுக்கு இப்ப 90 கட்டுறீங்க.

வீராவ பழைய இரும்புக்குப் போடறப்ப ஜேபிஜே-ல பதிவ ரத்து பண்ணிட்டதுக்கு ஆதாரம் வாங்கி வச்சுக்கோங்க. இல்லன்னா அந்த நம்பர்ல வர்ற சம்மன் எல்லாம் உங்க பேருக்குத்தான் வரும்.

காப்பார்க்காரன்

குறிச்சு வச்சுக்கிட்டேன் அண்ணே. முதல் 321 இன்னிக்குப் போட்டாச்சு.